காலேஜில் முதல் செமஸ்டர்: டியூட்டர், சீனியர், என்.எஸ்.எஸ். - ஒரு தாளில் என்னவெல்லாம் எழுதலாம்? (குமரி மாவட்டம்)

#1 பழையாற்றுக்கரை

வணக்கம். எங்க வாசகசாலையில அடுத்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ முடிச்சு காலேஜுக்குப் போகப்போற பிள்ளைகளை வரச்சொல்லியிருக்கோம். ரெண்டு மணி நேரம். நாற்பது பேர் வருவாங்க போல. பாதிக்கு மேல வீட்டிலேயே முதல்முதலா காலேஜ் வாசல் மிதிக்கிறவங்க. பேசுறதெல்லாம் சாயா குடிச்சு முடிக்குமுன்ன மறந்துபோகும். அதனால முன்னும் பின்னுமா அச்சடிச்ச ஒரே ஒரு தாள் கையில குடுத்துவிடணும்.

நான் எழுதிப் பார்த்த தலைப்புகள்: தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, ஆசிரியர்-மாணவர் உறவு, தலைமைப் பண்பு. வாசிச்சா எனக்கே கொட்டாவி வருது. விவரம் தெரிஞ்சவங்க, இந்த நாலையும் வெட்டிட்டு என்ன போடணும்னு சொல்லுங்க. பெரும்பாலும் ஆர்ட்ஸ், சயின்ஸ். அஞ்சாறு பேர் இன்ஜினியரிங்.

#2 வார்டு_நோட்டு

கொட்டாவி வந்ததே நல்ல சகுனம். முதல் வரியாக "டே ஆர்டர்" என்று போடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் திங்கள் என்றால் திங்கள் டைம்டேபிள். கல்லூரியில் கிழமைக்கு மதிப்பில்லை. ஒன்று முதல் ஆறு வரை நாள் எண் சுற்றிக்கொண்டே இருக்கும். செவ்வாய் இரண்டாம் நாள், புதன் விடுமுறை என்றால் வியாழன்தான் மூன்றாம் நாள். நம் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறை வரும். மழைக்குக் கலெக்டர் திடீரென்று லீவு விடுவார். ஒவ்வொரு முறையும் வரிசை ஒரு படி தள்ளும். கல்லூரி தரும் ஹேண்ட்புக்கில் தேதிக்கு நேராக நாள் எண் அச்சாகியிருக்கும், ஆனால் மழை லீவுக்குப் பிறகு அதை நம்பக்கூடாது. துறை நோட்டீஸ் போர்டில் சாக்பீஸால் எழுதியிருப்பதுதான் சரி. முதல் மாதம் லேப் நாளன்று ரெக்கார்டு நோட்டு இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சோம்பேறிகள் இல்லை, நாள் எண்ணைத் தவறவிட்டவர்கள்.

இரண்டாவது வரி வருகைப் பதிவு. அதையும் "75 சதவீதம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், எண்ணாக எழுதுங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 450 மணி. அதில் 75 சதவீதம் 338. ஆக, விடக்கூடியது 112 மணி. காய்ச்சல், கல்யாணம், கோயில் கொடை, சாவு எல்லாம் இந்த 112-க்குள் அடங்க வேண்டும். 75-க்குக் கீழே போனால் பணம் கட்டி விலக்குக் கேட்கும் "கண்டொனேஷன்" உண்டு. பல இடங்களில் அது 65 வரைதான். அதற்கும் கீழே போனவர் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. துல்லியமான எல்லை அந்தந்தக் கல்லூரி விதியில் இருக்கும்.

#3 ரப்பர்தோட்டம்

சார் சொன்ன கணக்குல ஒரு சுழி இருக்கு. நம்ம பிள்ளைய நாள்கணக்குல லீவு போட்டு மாட்டுறதில்ல, முதல் பீரியட்ல மாட்டும்.

குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனைப் பக்கமிருந்து நாகர்கோவில் வரணும்னா ரெண்டு பஸ். ஒரு பஸ் போச்சுன்னா முதல் மணி போச்சு. தினமும் முதல் மணி மட்டும் போனா 90 நாளைக்கு 90 மணி. சார் சொன்ன 112-ல மிச்சம் 22 மணி, அதாவது நாலரை நாள்! அதுவும் மணிக்கணக்கு எடுக்குற காலேஜ்ல. சில இடத்துல முதல் பீரியட் வரலன்னா அரை நாள் ஆப்சென்ட். அப்படின்னா 45 தடவ லேட்டா வந்தாலே மொத்தமும் தீந்துது. பையன் ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டான், ஆனா லிஸ்ட்டுல பேரு வந்து நிக்கும். வீட்டுல நம்பவே மாட்டாங்க.

அதனால சேந்த அன்னைக்கே கேக்க வேண்டியது: "எங்க காலேஜ்ல மணிக்கணக்கா, அரைநாள் கணக்கா?"

இன்னொண்ணு. ரப்பர் பால்வெட்டுக்குப் போற பிள்ளைய உண்டு. வெளுக்குமுன்ன வெட்டினாத்தான் பால் நல்லா இறங்கும், பெறவு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு சிரட்டையில இருந்து எடுக்கணும். வெட்டும் எடுப்பும் ஒரே ஆளு செய்தா ஒம்பதரை மணி கிளாஸ் நடக்காது. வெட்டு அவன், எடுப்பு வீட்டுல வேற ஆளுன்னு பிரிச்சாத்தான் வண்டி ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுற தோட்டம்னா வெட்டுநாளையும் டே ஆர்டரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைக்கணும். லேப் வர்ற நாளு வெட்டு விழுந்தா முன்கூட்டியே ஆளு மாத்திக்கிடலாம். இத டியூட்டர்ட்ட (அவனுக்குப் பொறுப்பான வாத்தியார்ட்ட) ஜூலையிலேயே சொல்லணும். அக்டோபர்ல சொன்னா அது சாக்கு.

#4 பழையாற்றுக்கரை

அருமை, இதத்தான் தேடினேன். ஆனா "டியூட்டர்ட்ட சொல்லணும்"னு எல்லாரும் சொல்றீங்க. பிள்ளைகளுக்கு அதுதான் பயம். என்ன சொல்லி உள்ளே போறது?

#5 வார்டு_நோட்டு

டியூட்டர்-வார்டு முறை எல்லாக் கல்லூரியிலும் காகிதத்தில் இருக்கிறது. இருபது முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், பின்தங்குவோரையும் முந்துவோரையும் எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்கும். அதற்காகவாவது ஒவ்வொரு டியூட்டரிடமும் ஒரு நோட்டு இருக்கும். மாணவர் பெயருக்கு ஒரு பக்கம்: பெற்றோர் தொழில், தூரம், பிளஸ் டூ மார்க், வருகை, டெஸ்ட் மார்க், சந்தித்த தேதி, கையெழுத்து. இந்தப் பக்கம் செமஸ்டர் கடைசியில் ஒரே நாளில் நிரப்பப்படுகிறதா, மாதாமாதம் நிரம்புகிறதா என்பதில்தான் வித்தியாசம். மாணவர் வந்து நின்றால் நிரம்பும். இதை ஆசிரியர் தரப்பிலிருந்தே சொல்கிறேன்.

போக வேண்டிய மூன்று தருணங்கள்: சேர்ந்த இரண்டாவது வாரம், முதல் இன்டர்னல் டெஸ்ட் தாள் கைக்கு வந்த மூன்று நாளுக்குள், தேர்வுக் கட்டணம் கட்டுமுன். இரண்டாவதுதான் முக்கியம். அப்போது இன்னும் பாதி செமஸ்டர் மீதி இருக்கும், பின்தங்கியவர்களுக்கான ரெமிடியல் வகுப்புப் பட்டியல் தயாராகும் நேரமும் அதுதான்.

என்ன சொல்வது? "படிக்கக் கஷ்டமா இருக்கு சார்" என்றால் ஆசிரியரிடம் "நல்லா படிப்பா" என்ற பதில்தான் வரும். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு கால் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போகட்டும்:

அல்லைடு (துணைப்பாட) கணிதம், முதல் டெஸ்ட் 20-க்கு 6.
யூனிட் 2-ல் ஐகன் மதிப்பு வரை வருகிறது, ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கும்போது சமன்பாடு மூன்றும் ஒன்றாகிவிடுகிறது, அங்கே நிற்கிறேன்.
புதன், வெள்ளி மதியம் ஒரு மணிக்கு மேல் எனக்கு நேரம் இருக்கிறது.

இந்தச் சீட்டைப் பார்த்த ஆசிரியர் மறுக்கவே மாட்டார், ஏனென்றால் வேலை பத்து நிமிடம்தான் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று "மே ஐ கம் இன்" என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் திரும்பிப் போகும் பிள்ளைகள் உண்டு. "சார், உள்ள வரலாமா" போதும் என்று உங்கள் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

#6 கோணம்_பாலம்

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தனிப் பத்தி வேணும், கணக்கு வேற. ஆர்ட்ஸ்ல இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன்ல (பாடத்திட்டமும் தேர்வு விதியும் சேர்ந்தது) தியரிக்கு இன்டர்னல் 40, எண்ட் செமஸ்டர் 60. பாஸ் ஆக எண்ட் செமஸ்டர்ல குறைஞ்சது 45 சதவீதம், ரெண்டும் சேர்த்து 50. இன்டர்னல்ல அள்ளிட்டோம்னு எண்ட் செமஸ்டர்ல அசந்தா அந்த 45 தடுக்கும். ரெகுலேஷன் மாறும், சீனியர் சொல்றது அவங்க பேட்சுக்கு. சேர்ந்ததும் "எங்க பேட்ச் எந்த ரெகுலேஷன்"னு ஆபீஸ்ல கேட்டுக்கணும். பழைய ரெகுலேஷன் கொஸ்டின் பேங்க் வாங்கிப் படிச்சு, சிலபஸ்ல இல்லாத யூனிட்டை மனப்பாடம் பண்றது வருஷாவருஷம் நடக்குது.

7.5 சதவீத ஒதுக்கீட்டுல வர்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் அரசு கட்டும். அந்த நிம்மதியில முதல் செமஸ்டர் கணக்கை விட்டுடக்கூடாது. மேட்ரிசஸ், கால்குலஸ்ல பிளஸ் டூ பாடம் நல்லா வருது. பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைப் பேப்பர்காரருக்குப் போடாதீங்க.

#7 வார்டு_நோட்டு

ஆர்ட்ஸ், சயின்ஸ் தாள் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக முறையில் 75 மார்க் தாள்: ஒரு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, எட்டு மார்க் ஐந்து. 10, 25, 40. பாடத்தில் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு ஒரு மார்க், ஓர் ஐந்து மார்க், ஓர் எட்டு மார்க். "அல்லது" கேள்வியும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். பள்ளியில் "சாய்ஸில் விட்டுவிடலாம்" என்று பழகிய பிள்ளை இங்கே ஒரு யூனிட்டை விட்டால் போவது 15 மார்க். அதை மீட்கும் சாய்ஸ் தாளில் எங்கும் இல்லை. மாறாக, ஐந்து யூனிட்டிலும் ஆளுக்கொரு ஐந்து மார்க் கேள்வியும் இரண்டு ஒரு மார்க்கும் கெட்டியாக இருந்தால் 35. பாஸுக்கு வேண்டியது பொதுவாக 75-க்கு 30. பின்தங்கிய பிள்ளைக்கு அகலமாகப் படிக்கச் சொல்லுங்கள், ஆழம் பிறகு வரும்.

நேரம் மூன்று மணி. ஒரு மார்க்குக்கு 15 நிமிடம், ஐந்து மார்க்குக்கு ஆளுக்கு 12, எட்டு மார்க்குக்கு ஆளுக்கு 18. கூட்டினால் 165. மீதி 15 நிமிடம் கேள்வி எண் சரிபார்க்க. முதல் செமஸ்டரில் கடைசி எட்டு மார்க் எழுதாமல் விடுபவர்கள், முதல் எட்டு மார்க்கை நாலு பக்கம் எழுதியவர்கள்தான்.

தாங்களே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் தாள் அமைப்பு மாறும். அவரவர் துறையில் முந்தின வருடத் தாள் ஒன்றை வாங்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

#8 முட்டத்துக்காரி

தமிழ் மீடியத்துல படிச்சு வர்ற பிள்ளைங்களைப் பத்தி யாரும் பேசலையே. எல்லாரும் "கலைச்சொல் எழுதி வை"ன்னு சொல்வாங்க. ஒளிச்சேர்க்கைன்னா போட்டோசிந்தசிஸ்ங்கறது ஒரு வாரத்துல பழகிடும். உண்மையான முட்டுக்கட்டை கேள்வியில வர்ற வினைச்சொல். "எலூசிடேட்"னு கேட்டா விளக்கி எழுதணும். "டிஸ்டிங்குவிஷ்"னா நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கமும் வேறுபாடு. "எனுமரேட்"னா எண் போட்டு வரிசையா, விளக்கம் கொஞ்சம் போதும். "ட்ரேஸ்"னா தொடக்கத்துல இருந்து எப்படி வளந்துதுன்னு. "ஜஸ்டிஃபை"னா காரணம் காட்டணும். இப்படி மொத்தமே பதினஞ்சு சொல்தான் திரும்பத் திரும்ப வரும். பாடம் தெரிஞ்சும் மார்க் போறது இங்கதான். தாளோட பின்பக்கம் ஒரு கட்டம் இதுக்கு ஒதுக்குங்க அண்ணே.

பல பாடங்களுக்குத் தேர்வைத் தமிழ்ல எழுத அனுமதி இருக்கும், துறையில கேட்டுக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை: டி.என்.பி.எஸ்.சி.ல தமிழ் வழியில் படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு, வகுப்பே தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு. இங்கிலீஷ் மீடியத்துல சேர்ந்துட்டு தேர்வை மட்டும் தமிழ்ல எழுதினா அந்தச் சான்றிதழ் கிடைக்காது. ரெண்டு மீடியமும் இருக்கற காலேஜ்ல அட்மிஷன் ஃபாரம் நிரப்பும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விளவங்கோடு பக்கம் மலையாளம் படிச்சு வர்றவங்களுக்கும் ஒரு வரி: முதல் பாகத்துல (மொழிப்பாடம்) தமிழுக்குப் பதிலா மலையாளம் எடுக்கலாம்னு சில காலேஜ்ல உண்டு. பள்ளியில தமிழே படிக்காம அப்படி எடுத்தா நாலாம் பாகத்துல அடிப்படைத் தமிழ் எழுதணும். அதை மறந்துட்டு மூணாம் வருஷம் அரியர்னு முழிக்கக்கூடாது.

#9 கேடட்_வடசேரி

தலைமைப் பண்பை வெட்டியாச்சு, சரி. ஆனா என்.சி.சி., என்.எஸ்.எஸ். பத்தி எழுதணும்ல?

என்.சி.சி.க்கு முதல் வருஷமே, அதுவும் முதல் மாசமே. செலக்‌ஷன் நோட்டீஸ் போர்டுல ரெண்டு நாள்தான் இருக்கும். ஓட்டம், உயரம், உடல்தகுதி பாப்பாங்க. 'பி' சர்டிஃபிகேட்டுக்கு ரெண்டு வருஷம், 'சி'க்கு மூணு வருஷம், பரேடு வருகை 75 சதவீதம், கேம்ப் கட்டாயம். ரெண்டாம் வருஷம் சேர்றேன்னு தள்ளிப்போட்டா டிகிரி முடியுறதுக்குள்ள 'சி' எழுத முடியாது. 'சி'ல பி கிரேடும் டிகிரில 50 சதவீதமும் இருந்தா ராணுவத்தோட என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரிக்கு எழுத்துத் தேர்வு இல்லாம நேர்முகத்துக்கே விண்ணப்பிக்கலாம். நம்ம மாவட்டத்துல பட்டாளத்துக்குப் போற ஊருங்க எத்தனை இருக்கு, இது தெரியாம பாதிப்பேரு விட்டுடறான்.

#10 முட்டத்துக்காரி

என்.எஸ்.எஸ். கணக்கு: ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், அதாவது வருஷத்துக்கு 120. அதோட ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம் போகாதவங்களுக்கு முழுச் சான்றிதழ் வராது. பல பேரு 240-ம் முடிச்சுட்டு, முகாமுக்கு வீட்டுல விடலன்னு நின்னுடறாங்க. பெண்பிள்ளைகள் வீட்டுல முன்கூட்டியே பேச வேண்டியது இந்த ஏழு நாளைத்தான். தங்கும் இடம், கூட வர்ற ஆசிரியை யாரு, போன் நம்பர் எல்லாம் திட்ட அலுவலர்ட்ட எழுத்துல வாங்கி வீட்டுல காட்டினா பாதி வாக்குவாதம் குறையும்.

#11 ரப்பர்தோட்டம்

எல்லாம் செரி. ஆனா ஒண்ணு கேக்கேன். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., கலைவிழா, துறை அசோசியேஷன், யூத் ரெட் கிராஸ்... முதல் வருஷப் பையன் எல்லாத்துலயும் பேரு குடுத்துட்டு, செமஸ்டர் முடிவுல மூணு அரியர் வச்சிட்டு நிப்பான். தலைவர் ஆகுமுன்ன பாஸ் ஆகணும்லா?

#12 கேடட்_வடசேரி

அண்ணே, அதுக்குத்தான் ஓ.டி. (ஆன் டியூட்டி: காலேஜ் நிகழ்ச்சிக்குப் போனா வகுப்புக்கு வந்ததாவே கணக்கு) இருக்கே.

#13 வார்டு_நோட்டு

ஓ.டி.யை நம்பி மோசம் போனவர்கள் நிறைய. அது எங்கே உடைகிறது என்று சொல்கிறேன்.

ஒன்று, ஓ.டி. படிவத்தில் என்.எஸ்.எஸ். அலுவலர் கையெழுத்து மட்டும் இருக்கும், துறைத்தலைவர் கையெழுத்து இருக்காது. நிகழ்ச்சிக்கு முந்தின நாளே துறைக்கு வர வேண்டிய தாள், இரண்டு வாரம் கழித்துச் சட்டைப்பையில் மடங்கி வரும். அதற்குள் மாத வருகைப் பட்டியல் கணினியில் பூட்டப்பட்டிருக்கும்.

இரண்டு, ஓ.டி. வருகையைத் தரும், நடந்த பாடத்தைத் தராது. அன்று இன்டர்னல் டெஸ்ட் இருந்தால் மறுதேர்வு கேட்டு வாங்க வேண்டியது மாணவர் பொறுப்பு. பல இடங்களில் மூன்று டெஸ்டில் சிறந்த இரண்டின் சராசரி எடுப்பார்கள். அதனால் "ஒன்று போனால் என்ன" என்று விடுவார்கள். மூன்றாவது டெஸ்டன்று காய்ச்சல் வந்தால்?

மூன்று, லேப். ஒரு பரிசோதனை விட்டால் ரெக்கார்டில் ஒரு பக்கம் காலி. செமஸ்டர் கடைசியில் லேப் அசிஸ்டென்டைக் கெஞ்ச வேண்டிவரும்.

என் கருத்து: முதல் செமஸ்டரில் ஒன்றே ஒன்று. என்.சி.சி. அல்லது என்.எஸ்.எஸ். இரண்டாம் செமஸ்டரில், அரியர் இல்லையென்றால், துறை அசோசியேஷனில் ஒரு சிறு பொறுப்பு.

#14 கேடட்_வடசேரி

ஒண்ணே ஒண்ணுங்கறதை ஒத்துக்கறேன் சார். என்.சி.சி. பத்தின வரியை மட்டும் எடுக்காதீங்க, அது ரெண்டாம் செமஸ்டர் வரை காத்திருக்காது.

#15 முட்டத்துக்காரி

பொறுப்புன்னா மேடை ஏறுறதுன்னு நினைக்கறாங்க. முதல் வருஷப் பிள்ளைக்குப் பொருத்தமான பொறுப்பு கோப்புதான். துறையில ஒரு கருத்தரங்கு நடந்தா அதுக்கு வேண்டியது: முதல்வருக்கு அனுமதிக் கடிதம், அழைப்பிதழ் நகல், வருகைக் கையெழுத்துப் பட்டியல், இடம் தேதி பதிஞ்ச ஜியோடேக் போட்டோ ரெண்டு, ஒரு பக்க அறிக்கை, செலவு பில். இந்த ஆறையும் ஒரு கோப்பில போட்டு மூணு நாள்ல ஒப்படைக்கற பிள்ளையை அடுத்த நிகழ்ச்சிக்குத் துறையே தேடும். போட்டோ எடுக்கும்போது ஜிபிஎஸ் ஆன் பண்ண மறந்தா அந்தப் படம் கோப்புக்கு உதவாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அழைப்பிதழை விட இதுலதான் அதிகம் சறுக்குது.

அனுமதிக் கடிதத்துல "அனுப்புநர், பெறுநர்"க்கு நடுவுல "வழி: துறைத்தலைவர்"னு ஒரு வரி. அந்த வரி இல்லாம நேரா முதல்வர் அறைக்குப் போன கடிதம் திரும்பி வரும். கூடவே துறைத்தலைவரோட முகமும் மாறும்! பணம் கையில வாங்கினா அன்னிக்கே நோட்டுல எழுதணும். பொன்னாடைக்கு பில் வாங்கிடுவாங்க, பூவுக்கும் சாயாவுக்கும் பில் இருக்காது. அதுக்கு வெள்ளைத்தாள்ல வவுச்சர் எழுதி, கடைக்காரர் கையெழுத்து வாங்கணும்.

#16 வார்டு_நோட்டு

நன்று. தேர்தல் நடக்கும் கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வரி சேர்க்கலாம். 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைப்படி, போட்டியிட 75 சதவீத வருகை வேண்டும், அந்த ஆண்டு அரியர் இருக்கக்கூடாது, செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒருமுறைதான் நிற்கலாம். அதனால் அந்த ஒரு வாய்ப்பை முதல் வருடத்திலேயே வீணாக்க வேண்டாம்.

#17 பழையாற்றுக்கரை

சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்குடுக்கற ஏற்பாடு பத்தியும் கேக்கணும்னு இருந்தேன். எங்க வாசகசாலையிலயே செய்யலாமா? ரெண்டாம், மூணாம் வருஷம் படிக்கற பிள்ளைங்க ஊர்ல எட்டுப் பேர் இருக்காங்க.

#18 முட்டத்துக்காரி

தாராளமா செய்யலாம், ஆனா "சந்தேகம் கேளுங்க"ன்னு திறந்து வச்சா யாரும் வரமாட்டாங்க. வர்றவங்களுக்கு எதைக் கேக்கணும்னு தெரியாது.

ஒரு சீனியருக்கு அஞ்சு பேர், ஆறைத் தாண்ட வேண்டாம். வாரம் ஒரு தடவை, ஞாயிறு 45 நிமிஷம். ஒரே பாடம். சயின்ஸ்னா அல்லைடு கணிதம், காமர்ஸ்னா கணக்குப்பதிவியல். இந்த ரெண்டுலதான் முதல் அரியர் விழும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத குரூப்ல இருந்து வர்றவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் பின்னம், சமன்பாடு, மடக்கை மட்டும்.

ஒவ்வொரு வாரமும் நாலு கணக்கு எழுதின ஒரு தாள். முதல் கணக்கு போன வாரத்தோடது, நடு ரெண்டும் இந்த வாரப் பாடம், கடைசி ஒண்ணு பழைய கேள்வித்தாள்ல இருந்து. சீனியர் கையில சாக்பீஸ் இருக்கக்கூடாது, இதுதான் முதல் விதி. ஜூனியர் போர்டுல போடணும், தப்புப் போற இடத்துல சீனியர் "அடுத்த வரிக்கு எப்படி வந்தே"ன்னு மட்டும் கேக்கணும். சீனியரே போட்டுக்காட்டினா எல்லாரும் தலையாட்டுவாங்க, வீட்டுக்குப் போனா ஒண்ணும் வராது.

கெட்டுப்போறது மூணு இடத்துல. சீனியர் தன் பழைய அசைன்மென்ட்டைக் குடுத்து "இதையே எழுது"ம்பார், கையெழுத்து மாறினாலும் ஆசிரியர் அசைன்மென்ட்டை அடையாளம் கண்டுபிடிச்சிடுவார். ரெண்டாவது, ஜூனியரை ஜெராக்ஸ் எடுக்க, சாயா வாங்க அனுப்பறது, அங்கிருந்துதான் ராகிங் தொடங்கும். மூணாவது, சீனியரோட சொந்தத் தேர்வு வந்ததும் குழு கலைஞ்சுடும். அதனால பத்து வாரம்னு முதல்லயே முடிவு தேதி சொல்லி ஆரம்பிங்க. எட்டு சீனியரும் மாசம் ஒரு தடவை தங்களுக்குள்ள உக்காந்து, யாரு வரலைன்னு பேரு பேரா பாக்கணும். ரெண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளை வீட்டுக்கு யாராவது போகணும், போன் போதாது.

#19 ஆபீஸ்_மேசை

பாடம் எல்லாம் பேசினீங்க. பிள்ளைங்க உண்மையில் நின்னுபோறது பணத்தில. அதையும் ஒரு கட்டத்துல போடுங்க.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்: மாசம் 1,000 ரூபாய். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்குத் தொடங்கினது, இப்ப அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கும் உண்டு. நம்ம மாவட்டத்துல உதவிபெறும் பள்ளிகள்தான் ஏராளம், "நான் அரசுப் பள்ளி இல்லையே"ன்னு விண்ணப்பிக்காம விடக்கூடாது. பள்ளியில் குடுத்த எமிஸ் எண் (பள்ளி மாணவர் பதிவு எண்) கேப்பாங்க, அதைப் பழைய ஹெட்மாஸ்டர் ஆபீஸ்ல டி.சி. வாங்கும்போதே எழுதி வாங்கிடணும். காலேஜ்ல அதே மாதிரி யுமிஸ் எண் வரும், உதவித்தொகை எல்லாம் அதன் வழிதான்.

பணம் வராததுக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டு. ஒண்ணு, வங்கில "ஆதார் லிங்க் ஆயிடுச்சு"ன்னு சொல்வாங்க, ஆனா அரசுப் பணம் நேரா கணக்குக்கு வர்றதுக்கு (டி.பி.டி.) வேண்டியது ஆதார் சீடிங், அதாவது ஆதார் எண்ணுக்கு வர்ற பணம் இந்தக் கணக்குக்குத்தான்னு பதியறது. ரெண்டும் வேற. "டி.பி.டி.க்கு சீடிங் பண்ணித்தாங்க"ன்னு அந்தச் சொல்லையே சொல்லி ஃபாரம் குடுக்கணும். ரெண்டு கணக்கு வச்சிருந்தா கடைசியா சீடிங் பண்ணின கணக்குக்குத்தான் போகும். அம்மா பேர்ல சேர்ந்த கணக்கு வேண்டாம், பிள்ளை பேர்ல தனிக்கணக்கு. ரெண்டாவது காரணம் பேரு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா. ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, பள்ளிப் பேரு ஒண்ணுன்னும் இங்க நிறைய. மார்க் ஷீட்டுல இருக்கற மாதிரியே ஆதாரைத் திருத்துங்க, மார்க் ஷீட்டை மாத்தப் போனா வருஷம் போயிடும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவையில் மே மாசமே போட்டு வச்சிடுங்க. ஜூன், ஜூலைல எல்லாரும் ஒண்ணா நிப்பாங்க.

#20 கோணம்_பாலம்

ராகிங்: தேசிய உதவி எண் 1800-180-5522. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி குடுப்பாங்க, அதை வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. மனசு ரொம்பத் தளர்ந்தா டெலி-மானஸ் 14416, தமிழ்ல பேசலாம், கட்டணம் இல்லை. இந்த ரெண்டு எண்ணும் தாளோட மூலையில பெருசா இருக்கணும்.

அப்புறம் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்கள்: பாடம் இலவசம், தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பாடத்துல சேர்றது ஒண்ணு, தேர்வுக்குப் பதியறது வேற ஒண்ணு. ரெண்டாவதை மறந்துட்டு 12 வாரம் அசைன்மென்ட் போட்டவங்க உண்டு. முதல் செமஸ்டருக்கு இது வேண்டாம்னுதான் சொல்வேன்.

#21 ரப்பர்தோட்டம்

வேலைக்குப் படிக்கறவங்களுக்கு: நாகர்கோவில் கோணத்துல மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வப் பயிலும் வட்டம் உண்டு, டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு இலவசம். மூணாம் வருஷம் வந்தா போதும். முதல் வருஷமே அங்க போயி உக்காந்தா ரெண்டும் போவும்.

#22 பழையாற்றுக்கரை

எல்லாருக்கும் கோடி நன்றி. முன்பக்கம் இப்படிப் போட்டிருக்கேன்: டே ஆர்டர். 450-ல் 112. "மணிக்கணக்கா அரைநாளா?" டியூட்டர் சீட்டு மூணு வரி மாதிரி. ஒரு யூனிட் விட்டா 15 மார்க். முதல் செமஸ்டர்ல என்.சி.சி. இல்லன்னா என்.எஸ்.எஸ்., ஒண்ணே ஒண்ணு. பின்பக்கம்: கேள்வி வினைச்சொல் பதினஞ்சு, ஆதார் சீடிங், ஓ.டி. படிவத்துல ரெண்டு கையெழுத்து, மூலையில ரெண்டு போன் நம்பர். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தனித் தாள். சரியா?

#23 வார்டு_நோட்டு

சரி. ஒன்று மட்டும்: "டியூட்டர் பெயர், அறை எண்" என்று இரண்டு வெற்றுக் கோடு விடுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் அவர்களே நிரப்பட்டும். ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டு அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யாருடைய கோடு காலியாக இருக்கிறதோ, அவர்களை முட்டத்துக்காரி சொன்ன ஞாயிறு குழுவில் முதலில் சேருங்கள்.